கடலோரக் காரில் சிக்கிக்கொள்ளும் பட்டன்கள்: எண்ணெய் வேண்டாம், உப்பைக் கழுவுங்கள்

பழைய காரின் டாஷ்போர்டில் ஒரு பட்டன் சிக்கிக்கொண்டால் நம் பக்கத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். துருநீக்கி ஸ்பிரே டப்பாவை எடுத்து இடுக்கில் பீய்ச்சுவார்கள். பட்டன் உடனே வெளியே வந்துவிடும். சில வாரங்கள் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு முன்பைவிட மோசமாக இறுகிக்கொள்ளும். இரண்டாம் முறை எண்ணெய் விட்டாலும் அசையாது. உள்ளே மணலும் தூசியும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகியிருக்கும்.

காரணம் எளிது. ராமநாதபுரம் கடற்கரையில் ஓடும் கார்களின் பட்டன்களை இறுக்குவது பெரும்பாலும் உப்பு. எண்ணெயால் உப்பைக் கரைக்க முடியாது. தண்ணீரால்தான் முடியும். மின்சார சுவிட்சில் தண்ணீரா என்று பதற வேண்டாம். எந்தத் தண்ணீர், அதை எப்போது விடுவது, பிறகு எப்படி உலர்த்துவது என்று தெரிந்துகொண்டால், ஸ்குரு டிரைவர் பிடித்துப் பழகாதவர்கூட விடுமுறை நாள் ஒன்றில் இந்த வேலையை முடித்துவிடலாம்.

உப்பு எப்படி உள்ளே போகிறது

பாம்பன் பகுதி உலகிலேயே உலோக அரிப்பு மிகுந்த இடங்களில் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்வது வழக்கம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிவகைக் காப்புப் பூச்சும் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஒரு பெரிய பாலத்துக்கே அந்தப் பாடு என்றால், தீப்பெட்டி அளவுள்ள சுவிட்சுக்குள் இருக்கும் செம்புத் தகட்டின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

வைகாசியில் தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், கண்ணாடியை இறக்கிவிட்டுத் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை போய்த் திரும்பும் காரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல். டாஷ்போர்டை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட்டவர்கள் ஈரத் துணியோடு காரில் ஏறி, ஈரக் கையாலேயே கண்ணாடி ஏற்றும் சுவிட்சை அழுத்துகிறார்கள். வாடகைக் காரென்றால் ஒரு நாளைக்கு எத்தனை கைகள்! டாஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பூசும் சந்தனமும் விபூதியும் இடுக்கில் இறங்கி, உப்பின் ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்புச் சாந்துபோல் இறுகிவிடும். போதாததற்குத் தேநீரும் சிந்தும்.

சாதாரணத் தூசியைவிட உப்பு பொல்லாதது. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோவது அபூர்வம். அதனால் சுவிட்சுக்குள் போன உப்பு இரவில் கசிந்து பரவுகிறது, பகல் வெயிலில் படிகமாக இறுகுகிறது, மறுபடி கசிகிறது. காலையில் அசையும் பட்டன் மதியம் அசையாமல் நிற்பது இதனால்தான். அப்படி நேரத்துக்கு ஒரு குணம் காட்டினால் அது உப்பு என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எல்லாச் சிக்கலும் உப்பு அல்ல. கழற்றுவதற்கு முன் பட்டனை மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

உள்ளே போகிறது, ஆனால் மெதுவாகவே திரும்பி வருகிறது, நறநறவென்று உராய்கிறது என்றால் உப்போ மணலோ சர்க்கரையோ புகுந்திருக்கிறது. இதுதான் இங்கே அதிகம்.

ஒரு மூலையை அழுத்தினால் சிக்குகிறது, நடுவில் அழுத்தினால் சிக்கவில்லை என்றால் குற்றம் சுவிட்சினுடையது அல்ல. வெயிலில் வளைந்துபோன டாஷ்போர்டுச் சட்டம் பட்டனைக் கவ்விப் பிடித்திருக்கிறது. சட்டத்தைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். தாராளமாக அசைந்தால் சந்தேகமே வேண்டாம். பட்டனின் பக்கவாட்டில் உராய்ந்த இடம் பளபளவென்று ஒரு கோடாகத் தெரியும். சில கார்களில் சட்டத்தின் ஸ்குருவைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே போதும். இல்லையென்றால் அந்தப் பளபளப்பை மட்டும் 600 நம்பர் உப்புத்தாளால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பட்டன் ஆட ஆரம்பிக்கும்.

அழுத்தினால் உள்ளேயே நிற்க வேண்டிய பட்டன் நிற்காமல் துள்ளி வெளியே வருகிறது, அல்லது உள்ளே போனது வெளியே வரவே இல்லை என்றால் பூட்டும் அமைப்பில் கோளாறு. ஒருமுறை அழுத்தினால் நிற்கும், மறுமுறை அழுத்தினால் விடுபடும் பட்டன்களுக்குள் இதய வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஓடும் சிறு கம்பிதான் பட்டனைப் பிடிக்கவும் விடவும் செய்கிறது. பள்ளத்தில் ஒரு மணல் துணுக்கு கிடந்தாலும் கம்பி வழிதவறிவிடும். கழுவினால் பெரும்பாலும் சரியாகும். கம்பி வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நன்றாக அழுந்துகிறது, ஆனால் விளக்கோ விசிறியோ இயங்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், உள்ளே பாயிண்டில், அதாவது மின்சாரம் பாய உலோக முனைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், களிம்பு ஏறியிருக்கிறது.

பட்டன் அசைவதில் குறையே இல்லை, தொட்டால் மட்டும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்றால் அது வேறு நோய். அதற்குப் பிறகு வருகிறேன்.

எடுத்துவைக்க வேண்டியவை

ஸ்டார் ஸ்குரு டிரைவர் பெரியதும் சிறியதும், பேட்டரி டெர்மினலுக்குப் பெரும்பாலான கார்களில் 10 எம்.எம். ஸ்பேனர், பழைய பல்துலக்கும் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, பல்குத்தும் குச்சி, வெள்ளைத் துணி, டார்ச். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பாதி வேலை குறையும். விலை மலிவான மீட்டரே போதும்.

நெம்புவதற்கு இரும்பு ஸ்குரு டிரைவரைத் தொடாதீர்கள். பழைய பிளாஸ்டிக்கில் அது போடும் காயம் ஆறாது. காய்ந்த பனைமட்டையில் தட்டையாகச் சீவி எடுத்த குச்சி இந்த வேலைக்கு அருமையான கருவி. வளையும், எளிதில் ஒடியாது, பிளாஸ்டிக்கைக் கீறாது. பனைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? கிடைக்காதவர்கள் ஐஸ் குச்சியைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது தண்ணீர். வீட்டுக் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ எடுத்துவிடாதீர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நரிப்பையூரில் அமைக்கவேண்டிவந்த மாவட்டம் இது. இங்கே நிலத்தடி நீரில் பல இடங்களில் உவர் உண்டு. உப்பை எடுக்க உவர் நீரை விட்டால், காய்ந்தபின் அதே உப்பு அங்கேயே இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். ஒரு லிட்டர் தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேட்டரிக் கடையில் ஆசிட்டும் அதே மாதிரிக் கேனில் இருக்கும். ‘பேட்டரித் தண்ணீர்’ என்று பொதுவாகக் கேட்காமல், டிஸ்டில்டு வாட்டர் என்று தெளிவாகக் கேட்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள்.

மூன்றாவது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தெரியும். 99 சதவீதம் என்று எழுதியிருப்பது நல்லது. கழுவிய தண்ணீரை வெளியேற்றிச் சீக்கிரம் உலரச்செய்ய இது தேவை. கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு மாற்றாகாது. அதில் கிளிசரின் போன்ற பொருள்கள் கலந்திருக்கும், காய்ந்தபின் ஒட்டும். ஐ.பி.ஏ. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். காற்றோட்டமான இடத்தில், அருகில் விளக்கோ பீடியோ இல்லாமல் பயன்படுத்துங்கள்.

கடைசியாக சிலிக்கோன் கிரீஸ், மிகச் சிறிய குழாய்.

வாங்கக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தின்னரும் அசிட்டோனும் பட்டன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பெட்ரோல் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், தீ ஆபத்து வேறு. தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் பழக்கம். அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏ.சி. காற்று படும் டாஷ்போர்டில் அந்தக் குளிர் தாராளமாக வரும். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகும். சமையல் எண்ணெய் எதுவும் சுவிட்சுக்கு ஆகாது.

கழற்றுவது

நேரம் முக்கியம். மதிய வெயிலில் நின்ற காரில் டாஷ்போர்டு குழைந்திருக்கும், நெம்பினால் வளையும். அதிகாலைக் குளிரில் பழைய பிளாஸ்டிக் படக்கென்று முறியும். காலை ஒன்பது, பத்து மணிக்கு, நிழலில், கைக்கு இதமான சூட்டில் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் நாளில் திறந்தவெளியில் செய்யவே வேண்டாம். உள்ளே இருப்பதை எடுப்பதற்குள் புதிதாக இன்னொரு கைப்பிடி போய்ச் சேரும்.

பேட்டரியின் மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டதும் பொறி பறக்கும். சில பழைய ரேடியோக்கள் மின்சாரம் நின்று வந்தால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செல்போனை எடுத்துப் படம் பிடியுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் பிடியுங்கள். மாட்டும்போது நினைவை நம்புவதைவிடப் படத்தை நம்புவது நல்லது.

மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் போன்ற வண்டிகளில் பல சுவிட்சுகள் தனித்தனிப் பெட்டிகளாக, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் நாக்குகளால் பிடிக்கப்பட்டிருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் கை போனால், நாக்குகளை அழுத்திக்கொண்டு முன்பக்கமாகத் தள்ளிவிடலாம். பின்னால் வந்த கார்களில் நடுச் சட்டத்தை முதலில் எடுக்கவேண்டியிருக்கும். ஸ்குருக்கள் சாம்பல் தட்டுக்குப் பின்னாலோ சிறு பிளாஸ்டிக் மூடிக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். நெம்பும்போது சட்டம் ஒரே இடத்தில் அடம்பிடித்தால், பலத்தைக் கூட்டாதீர்கள். எங்கோ ஒரு ஸ்குரு பாக்கி இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடுங்கள்.

சட்டம் வெளியே வந்ததும் பின்னால் வயர்கள் இழுக்கும். அந்த வயர்களைச் சுவிட்சோடு இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிதான் கப்ளர். அதில் ஒரு சிறு நாக்கு இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. கப்ளருக்குள்ளும் ஒருமுறை எட்டிப்பாருங்கள். பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் அதையும் சுவிட்சோடு சேர்த்துச் சுத்தம் செய்யவேண்டும். சுவிட்சை மட்டும் பளபளவென்று ஆக்கிவிட்டுக் களிம்பேறிய கப்ளரில் சொருகினால் என்ன பயன்?

கழுவுவது

இதுதான் வேலையின் உயிர். நிதானமாகச் செய்யுங்கள்.

சுவிட்சைக் கையில் எடுத்ததும் உலர்ந்த பிரஷால் மேலே உள்ள தூசியைத் தட்டிவிடுங்கள். உள்ளே சர்க்யூட் போர்டு இல்லாத சாதாரணச் சுவிட்ச் என்றால் திறக்காமலே கழுவலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்துக்கு இளஞ்சூடாக்குங்கள். அதற்கு மேல் சூடு வேண்டாம். சுவிட்சை அதில் மூழ்கவைத்து, தண்ணீருக்குள் வைத்தே பட்டனை மெதுவாக முப்பது, நாற்பது முறை அழுத்தி விடுங்கள். தண்ணீர் கலங்கும். விபூதி சாம்பலாக இறங்கும், தேநீர் பழுப்பாகக் கசியும். உப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அழுத்த அழுத்தப் பட்டன் இளகுவதை விரல் உணரும். கலங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீர் எடுங்கள். டம்ளரில் தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றுங்கள். அதன்பின் கடைசியாக ஒரு தடவை, கண்ணுக்குத் தெரியாத உப்புக்காக.

ஐ.பி.ஏ.வை மட்டும் ஊற்றிக் கழுவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. எண்ணெய்ப் பசையையும் பழைய கிரீஸையும் அது நன்றாக எடுக்கும், உப்பை மட்டும் விட்டுவைக்கும். ஏற்கெனவே எண்ணெய் பீய்ச்சிய சுவிட்ச் என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஐ.பி.ஏ.வால் எண்ணெயை எடுத்து, பிறகு தண்ணீர், பிறகு மறுபடி ஐ.பி.ஏ. எண்ணெய் மூடியிருக்கும் உப்பைத் தண்ணீரால் தொடவே முடியாது.

தண்ணீர்க் குளியல் முடிந்ததும் சுவிட்சை நன்றாக உதறி, ஐ.பி.ஏ.வில் முக்கி மறுபடி இருபது முறை அழுத்துங்கள். இடுக்கில் நிற்கும் தண்ணீரோடு அது கலந்து வெளியே இழுத்து வந்துவிடும். மறுபடி உதறி, வெள்ளைத் துணியில் வைத்து வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் காயவிடுங்கள். மொட்டைமாடியில் கடல் காற்றில் காயவைத்தால் பட்ட பாடு வீண். இரவு முழுவதும் காயட்டும். அவசரப்பட்டு அடுப்பு அனலில் காட்டாதீர்கள். பிளாஸ்டிக் உருகாவிட்டாலும் கோணும்.

காய்ந்ததா என்று மீட்டர் சொல்லும். மீட்டரை ஓம் (மின்தடை) அளவுக்குத் திருப்பி, சுவிட்சின் இரண்டு பின்களில் அதன் முனைகளை வைத்து அழுத்துங்கள். பட்டன் போட்ட நிலையில், முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் வரும் அதே அளவுதான் ஏறக்குறைய வரவேண்டும். அணைத்த நிலையில் மீட்டர் எந்த அளவையும் காட்டக்கூடாது, முனைகள் எதையும் தொடாதபோது காட்டும் அதே குறியிலேயே நிற்கவேண்டும். ஏதோ ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே ஈரம் பாக்கி. இன்னும் காயட்டும்.

மண்டபத்தில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவரின் பழைய வேனில், நான்கு இண்டிகேட்டரையும் ஒருசேர எரியவிடும் ஹசார்டு சுவிட்சை இப்படித்தான் கழற்றினோம். “தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடு தம்பி” என்றார். “கொஞ்சம் பொறுங்கள் அண்ணே” என்று டார்ச்சை அடித்துக் காட்டினேன். பட்டனின் தோளில் சதுரம் சதுரமாக உப்புக்கல் மின்னியது. அதில் காய்ந்த மீன் செதில் ஒன்று குத்திட்டு நின்றது. இரண்டு டம்ளர் தண்ணீரில் செதில் மிதந்து வெளியே வந்தது. சுவிட்ச் இன்றுவரை அதே வேனில்தான் இருக்கிறது.

திறக்க நேர்ந்தால்

பவர் விண்டோ சுவிட்சுக்கு வெளிக்குளியல் பெரும்பாலும் போதாது. அதிக மின்சாரம் ஓடும் சுவிட்ச் அது. ஒவ்வொரு முறையும் பாயிண்டில் சிறு பொறி பறந்து கரி படியும். கதவில் இருப்பதால் சாரலும் நேராக அதன் மேல்தான் விழும்.

திறப்பதற்கு முன் ஒரு பெரிய தட்டில் வெள்ளைத் துணியை விரியுங்கள். பெட்டியின் பக்கத்தில் உள்ள நாக்குகளை இரண்டு பல்குத்தும் குச்சிகளால் ஒரே நேரத்தில் விலக்கி, மூடியை மெல்லத் தூக்குங்கள். உள்ளே பேனா ஸ்பிரிங்கைவிடச் சிறிய ஸ்பிரிங்குகள் காத்திருக்கும். ஒன்று துள்ளி மணலில் விழுந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும். புதியவர்கள் சுவிட்சைத் தெளிவான பாலிதீன் பைக்குள் வைத்து, பைக்குள்ளேயே கையை விட்டுத் திறப்பது உத்தமம்.

மூடியை எடுத்ததும் பல சுவிட்சுகளில் சீசா பலகைபோல் ஆடும் செம்புத் தகடுகள் தெரியும். ஸ்பிரிங்கோடு கூடிய முனை அவற்றைச் சாய்ப்பதுதான் ‘மேலே’, ‘கீழே’. எந்தத் தகடு எந்தப் பக்கம் என்று படம் பிடித்துவிட்டு எடுங்கள். களிம்பு பச்சை, கரி கறுப்பு. களிம்புக்குப் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் தடவி, உடனே டிஸ்டில்டு வாட்டரால் துடைத்துவிடுங்கள். வினிகரின் அமிலம் செம்பில் தங்கக்கூடாது. கரிக்கு, விசிட்டிங் கார்டு அட்டையில் நீளமாக ஒரு துண்டு நறுக்கி, ஐ.பி.ஏ.வில் நனைத்து, பாயிண்ட் இரண்டையும் மூடிய நிலையில் நடுவே விட்டு இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை இழுத்தால் போதும். பிளேடால் சுரண்டுவதையும் முரட்டு உப்புத்தாள் போடுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பாயிண்டுகளில் பல வெள்ளி முலாம் பூசியவை. முலாம் போனால் களிம்பு முன்பைவிட வேகமாக ஏறும்.

கிரீஸ் வைப்பதில் கஞ்சத்தனம் தேவை. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டும் அளவே போதும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உராயும் இடத்தில் மட்டும் தடவுங்கள். பொறி பறக்கும் பாயிண்டில் சிலிக்கோன் கிரீஸ் படக்கூடாது. பொறியின் சூட்டில் அது மின்சாரம் கடத்தாத படலமாக மாறி, நல்ல பாயிண்டையும் கெடுத்துவிடும்.

ஏ.சி. கட்டுப்பாடு, ரேடியோ போன்றவற்றின் மென்மையான பட்டன்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் விரிப்பு இருக்கும். அதன் அடியில் கறுப்பாக ஒட்டியிருக்கும் கரிப்பொட்டு போர்டைத் தொட்டால்தான் பட்டன் வேலை செய்யும். ரப்பரைத் தனியே எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் கழுவுங்கள். கரிப்பொட்டைத் தேய்க்காமல் பஞ்சால் ஒற்றி எடுங்கள். போர்டைத் தண்ணீரில் முக்காமல், ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, பின் ஐ.பி.ஏ.வால் துடையுங்கள். இதற்குக் கிரீஸே வேண்டாம்.

தொட்டால் ஒட்டும் பட்டன்

2000க்குப் பிறகு வந்த பல கார்களில், தொடுவதற்கு மெத்தென்று இருக்கவேண்டும் என்பதற்காகப் பட்டன்களுக்கு ரப்பர் போன்ற பாலியூரித்தேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கும். இரண்டுக்கும் இங்கே குறைவில்லை. சிதைந்த பூச்சு மிட்டாய்ப் பாகுபோல் விரலில் வரும். இதை மீட்க வழியில்லை, எடுக்க மட்டுமே முடியும்.

ஐ.பி.ஏ. நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்தால் பூச்சு சுருண்டு வரும், அடியில் பளபளப்பான பிளாஸ்டிக் தெரியும். ஆனால் இரவில் பின்னாலிருந்து ஒளிரும் குறியீடு கொண்ட பட்டன்களில் கை வைக்காதீர்கள். அந்தக் குறியீடு எழுதப்பட்டதல்ல, கறுப்புப் பூச்சைச் செதுக்கி வந்தது. பூச்சை எடுத்தால் பட்டன் முழுதும் வெள்ளையாகி, எது எதற்கென்றே தெரியாமல் போகும். அத்தகைய பட்டன்களை மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரைத் துளி தடவித் துடைத்துவிடுங்கள். சில வாரங்களுக்கு ஒட்டாது. மறுபடி ஒட்டினால் மறுபடி செய்யுங்கள்.

ஸ்டீயரிங்கில் கை வைக்காதீர்கள்

ஏர்பேக் உள்ள காரில் ஹாரன் பட்டனோ ஸ்டீயரிங் மேல் உள்ள வேறு பட்டனோ சிக்கினால் மேலே துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பட்டன்களுக்கு அடியில் இருப்பது வெடித்து விரியும் பொருள். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அதைக் கழற்றாதீர்கள், இழுக்காதீர்கள், மீட்டர் வைத்து அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமேகூட ஆபத்து. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை, காசு கொடுத்துச் செய்துகொள்வதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

மாட்டுவதும் மாற்றுவதும்

கழற்றிய வரிசைக்கு நேர் எதிராக மாட்டுங்கள். சட்டத்தை முழுதாக அழுத்தி மூடுவதற்கு முன் கப்ளர்களைச் சொருகி, பேட்டரி மைனஸைக் கடைசியாக மாட்டி, எல்லா பட்டன்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூடியபின் ஒன்று வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அத்தனை கிளிப்பையும் மறுபடி நெம்ப வேண்டும். பழைய கிளிப் இரண்டாவது நெம்பலைத் தாங்குவது சந்தேகம்.

கழுவியும் தேறாத சுவிட்ச் உண்டு. தகடு அரித்து ஓட்டை விழுந்திருந்தால், பெட்டி உருகியிருந்தால், இதயப் பள்ளத்துக் கம்பி ஒடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உருகிய சுவிட்சைப் பார்த்தால் புதியதை மாட்டுவதோடு விட்டுவிடாமல், ஏன் சூடேறியது என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் யாராவது கம்பி சுற்றியிருக்கலாம். வாங்கப் போகும்போது பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ராமநாதபுரத்தில் கிடைக்காமல் மதுரைக்குப் போகும் நிலை வந்தால் இது இன்னும் முக்கியம். முகப்பு ஒன்றாக இருந்தாலும் பின்னால் பின்களின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறும். பழைய காரிலிருந்து கழற்றிய சுவிட்ச் வாங்குவதானால், முடிந்தவரை கடற்கரையில் ஓடாத வண்டியின் சுவிட்சாகக் கேளுங்கள். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மாட்டியபின் பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் டாஷ்போர்டையும் கதவுச் சுவிட்சுகளையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். பளபளப்பு ஏற்றும் பாலிஷை பட்டன் மேல் பீய்ச்சாமல் துணியில் எடுத்துப் பூசுங்கள். பிள்ளையாரை பட்டன்களுக்கு நேர் மேலே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் விபூதி இறங்காது. தீர்த்தமாடி வருபவர்களுக்காகக் கதவுப் பையில் ஒரு துண்டு வைத்திருங்கள். வாரத்துக்கு ஒருமுறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, காரில் உள்ள எல்லா பட்டன்களையும் ஐந்தாறு முறை போட்டு அணையுங்கள். பாயிண்டுகள் உராயும்போது மெல்லிய களிம்பு தானாகவே வழிக்கப்பட்டுவிடும். பின்கண்ணாடி வைப்பர், பனிமூட்ட விளக்கு, ஹசார்டு என்று நாம் மாதக்கணக்கில் தொடாத பட்டன்கள்தான் முதலில் இறுகுகின்றன. ஹசார்டு பட்டன், கச்சான் புழுதியில் எதிரே வருவது தெரியாமல் பாம்பன் சாலையோரம் வண்டியை நிறுத்தும் அன்றைக்குத்தான் தேவைப்படும். வாராந்தர அழுத்தலை அதிலிருந்தே தொடங்குங்கள்.